கேட்டால் சொல்லுவார்

அவருடைய பெயரை நான் ஒருமுறை ஒரு பட்டியலிலிருந்து விட்டுவிட்டேன். இங்கேயும் விடுகிறேன். முதல் தடவை அவருடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்றார். ஆகவே இதில் அவர் வெறும் 'அவர்'.

கண்டியில் எங்கள் அலுவலகத்தின் பதிவறை லிகிதர் அவர். நான் அங்கே நிர்வாக உத்தியோகத்தர். பன்வில பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு, வத்தேகமையில் பஸ் மாறி, எட்டேகாலுக்கு வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிடுவார். அரைக்கை வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, உள்ளங்கை அளவில் ஒரு குறிப்புப் புத்தகம். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. தோற்றத்தைப் பற்றி இவ்வளவு போதும். மிச்சமெல்லாம் அவருடைய வாயைப் பற்றியது.

அவர் பொய் சொல்லமாட்டார். கேட்காமல் உண்மையும் சொல்லமாட்டார்.

யாராவது அவருடைய மேசைக்கு முன்னால் நின்று, "இந்தக் கோப்பில ஒரு பக்கம் குறையுது போல" என்று சொன்னால், தலையை நிமிர்த்தி, "கேக்கிறீங்களா சார், இல்ல சும்மா சொல்றீங்களா?" என்பார். சும்மா சொன்னதாகச் சொன்னால் "சரிங்க" என்று மறுபடி குனிந்துகொள்வார். கேட்டதாகச் சொன்னால் போச்சு. அந்தப் பக்கம் எந்தத் திகதியில் கழற்றப்பட்டது, யார் கழற்றினார், எதற்காக, அது இப்போது யாருடைய லாச்சியில் எந்தக் கடதாசிக்கு அடியில் கிடக்கிறது என்பது வரை வரும். அதனால் எங்கள் அலுவலகத்தில் அவரிடம் கேள்வி கேட்பதற்கு முன் எல்லோரும் ஒருமுறை சுற்றும்முற்றும் பார்ப்பார்கள். அனேகமாகச் சும்மா சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு வருடக் கடைசியில் பணிப்பாளர் பாவனைக்குதவாத தளபாடப் பட்டியலில் கையெழுத்து வைத்தார். வாசிக்கவில்லை. வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பது கீழ்நிலை உத்தியோகத்தர்களின் வேலை என்பது அவருடைய எண்ணம். அந்தப் பட்டியலில் பதினேழாவதாகப் பணிப்பாளருடைய கதிரையே இருந்தது. இலக்கத்தை யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். திங்கட்கிழமை லொறி வந்து கதிரையை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பணிப்பாளர் சிங்களத்தில் பெருங்குரலெடுத்து, "இது உனக்கு முன்பே தெரியுமா?" என்று அவரைக் கேட்டார்.

"தெரியும் சேர்" என்று அதே சிங்களத்தில் பணிவாகச் சொன்னார் அவர். "வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு."

"ஏன் சொல்லவில்லை?"

"சரியாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. எங்கே கையெழுத்து வைப்பது என்றுதான் கேட்டீர்கள். அதைச் சொன்னேன்."

அன்று முழுவதும் பணிப்பாளர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் கோப்புகள் வேகமாக நகர்ந்த நாள் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மனிதரை நாங்கள் விரும்பினோமா, பயந்தோமா என்று இப்போது யோசித்தால், அவரை வசதியாக வைத்திருந்தோம் என்றே சொல்ல வேண்டும். கேள்வி கேட்காத வரைக்கும் அவரைப் போல் பாதுகாப்பான அலுமாரி வேறு இல்லை. அந்த அலுமாரியை அதிகம் பயன்படுத்தியவன் நான்.

விஷயம் சொஃப்ட்போலில் தொடங்கியது. எங்களுக்கு மேலே இருந்த ஓர் அதிகாரி பயிற்சிக்கென்று ஜப்பான் போனார். என்ன பயிற்சி என்பது கடைசிவரை தெரியவரவில்லை. திரும்பி வரும்போது இரண்டு துடுப்பு, பத்துத் தோல் கையுறை, ஒரு கொள்கை ஆகியவற்றோடு வந்தார். அலுவலகங்களுக்கிடையே சொஃப்ட்போல் சுற்றுப்போட்டி நடத்தினால் ஊழியர்களின் வினைத்திறன் கூடும் என்று சுற்றுநிருபம் வந்தது. எங்கள் ஊரில் சொஃப்ட்போல் என்றால் ரென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட். முதல் நாள் பயிற்சிக்கு மூன்று பேர் விக்கெட் தடிகளோடு வந்தார்கள். பிறகுதான் இது வேறு ஆட்டம் என்று புரிந்தது. பந்து பெரியது, கையைத் தாழ்த்திப் போட வேண்டும், அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவந்தால் ஓர் ஓட்டம். தடியால் பந்தடித்து ஓடும் எங்கள் ஊர் எல்லே ஆட்டத்துக்கு யாரோ கழுத்துப்பட்டி கட்டிவிட்டது போல இருந்தது.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. அதை முழுவதும் வாசித்தவர் கண்டி மாவட்டத்தில் ஒருவர்தான். நான் அணியின் முகாமையாளர். முகாமையாளர் வாசித்தே ஆகவேண்டும் என்று அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று அவரிடமே கேட்டேன். "இல்ல சார்" என்றார். அத்தோடு நான் நிம்மதியாகிவிட்டேன். ஆட்டத்தின் பதிவேட்டை எழுத வேறு யாருக்கும் தெரியாததால், எங்கள் அலுவலகத்து ஆளாக இருந்தும் முழுச் சுற்றுப்போட்டிக்கும் அவரே ஸ்கோரர் ஆனார்.

ஒருநாள் கண்டீனில் ஒன்பது பிளேன்ரீக் கிளாஸ்களை வரிசையாக வைத்து எங்களுக்கு விதியைச் சொல்லித் தந்தார். எங்கள் பந்து வீச்சாளர் நஸீர், அக்குறணைக்காரர், கேட்டதால்தான் சொன்னார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"இது ஒம்பது பேரோட வரிசை. ஆட்டம் தொடங்க முன்னாடியே அம்பயர்கிட்ட குடுத்திடணும். இந்த வரிசையிலதான் அடிக்க வரணும். ஆறாவது ஆளு வர வேண்டிய இடத்தில ஏழாவது ஆளு வந்து அடிச்சிட்டா பிழை."

"அப்ப ஏழாவது ஆளு அவுட்டா அண்ணே?" என்றார் நஸீர்.

"எதிர்த்தரப்பு கேட்டா அவுட்டு. ஏழாவது ஆளு இல்லீங்க. வர வேண்டியவரு வரல்ல பாருங்க, அந்த ஆறாவது ஆளு அவுட்டு."

"அல்லாவே! வராதவனுக்கா தண்டன? கேக்காட்டி?"

"அடுத்த பந்து போட்ட உடனே எல்லாம் சரியாகிடும். ஏழாவது ஆளு அடிச்சது அடிச்சதுதான். அதுக்கப்புறம் எட்டாவது ஆளு வரணும்."

"ஆறாவது ஆள்?" என்று கேட்டது சுரேஷ். பதிவறைக்குப் பக்கத்து அறை லிகிதர். பந்து அவருடைய துடுப்பில் பட்டால் பக்கத்து ஊருக்குப் போகும்.

"அவருக்கு அந்தச் சுற்று போயிருச்சு. மொற திரும்பி வரும்போதுதான்."

"அம்பயர் பாத்துக்கொண்டெல்லோ நிப்பார்?" என்றேன் நான்.

"பாக்கலாம் சார். சொல்லக் கூடாது. ஸ்கோர் எழுதுறவரும் சொல்லக் கூடாது. எழுதலாம்."

"கண்ணால கண்டுட்டு வாய மூடிட்டு ஈக்கணுமா?" என்றார் நஸீர்.

"ஆமாங்க."

"அப்ப இது எங்கட ஒஃபிஸ்தான்!"

கண்டீனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு கிளாஸை வரிசையிலிருந்து எடுத்து அந்த இடத்தில் வேறொன்றை வைத்தார்.

"மாத்து ஆள இறக்கிறதும் இப்பிடித்தான். அம்பயர்கிட்ட சொல்லிட்டு இறக்கணும். சொல்லாம இறக்கினா, அவுங்க கண்டுபிடிச்சுக் கேட்டா அவுட்டு, எடுத்த ஓட்டமும் போயிரும். அடுத்த பந்து போனப்புறம் கேட்டா ஓட்டம் நிக்கும், ஆளு மட்டும் வெளியே. ஆனா அவுங்க கேக்கிறதுக்கு முன்னாடி நம்மளே போய்ச் சொல்லிட்டோம்னு வையுங்க, அது பிழையே இல்ல."

"நாங்களே சொன்னாலோ? ஒரு தண்டனையும் இல்லையோ?"

"ஒண்ணுமே இல்ல சார்."

இவ்வளவு இலகுவான விதியை நான் வேறெந்தச் சட்டத்திலும் கண்டதில்லை. அதனால்தான் அதை ஒருவரும் பயன்படுத்துவதில்லை போலும்.

'அடுத்த பந்து போட்டாச்சு' என்பது அந்த வாரமே அலுவலக வழக்காகிவிட்டது. பிந்தி ஒன்பது மணிக்கு வந்தவர்கள் வரவுப் புத்தகத்தின் சிவப்புக் கோட்டுக்கு மேலே இடுக்கில் கையெழுத்து வைத்துவிட்டு அதைச் சொன்னார்கள். தன் பிழையான கடிதம் தபாலில் போய்விட்டதைக் கண்ட பணிப்பாளரும் சொன்னார். வினைத்திறன் உண்மையிலேயே கூடியது.

இறுதிப் போட்டி திகணைப் பக்கத்து மைதானம் ஒன்றில். பிரதம விருந்தினரின் உரை எங்கள் முதல் இரண்டு சுற்றை விட நீளமாக இருந்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து முகில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் நாங்கள் ஓர் ஓட்டம் பின்னால். ஒருவர் தளத்தில் நின்றார். அடுத்து நஸீரின் முறை. நஸீர் பந்து போடுவதில் கெட்டிக்காரர், அடிப்பதில் அப்படியில்லை. அவர் துடுப்பைத் தூக்கினால் எதிரணிக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்திக்கு வருவது போல நெருங்கி வந்து நிற்பார்கள். அதுமட்டுமல்ல, நஸீருக்கு அப்போது கால் பிரண்டுவிட்டது. தேநீர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைய ஒன்பது பேரில் இல்லாத சுரேஷிடம் நான் துடுப்பைக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரே சட்டை. தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிக்கொண்டு போனார் சுரேஷ். எதிரணிக்காரர்கள் அவரை நஸீர் என்று நினைத்து நெருங்கி வந்து நின்றார்கள்.

அம்பயரிடம் சொல்ல மறந்துபோனேன் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். சுரேஷ் போய் நிற்பதற்கு முன்பே எனக்கு நினைவு வந்துவிட்டது. அம்பயர் இருபது எட்டுத் தூரத்தில் நின்றார். ஸ்கோரர் மேசையைப் பார்த்தேன். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்குச் சொல்லும் உரிமை இல்லை. எனக்கு இருந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

சுரேஷ் அடித்த பந்து நெருங்கி நின்ற எல்லோருடைய தலைக்கும் மேலால் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. இரண்டு ஓட்டம். நாங்கள் ஓர் ஓட்டம் முன்னால்.

எதிரணித் தலைவர் பருத்த மனிதர், தூரத்தில் பின்களத்தில் நின்றார். இந்த அடி நஸீருடையது அல்ல என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஸ்கோரர் மேசையை நோக்கி நடந்து வரத் தொடங்கினார். ஓடியிருந்தால் இந்தக் கதையே வேறு. அவர் மேசைக்கு வந்து கேட்டால் இவர் சொல்லிவிடுவார் என்பது உலகத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எழுந்து நின்று அம்பயரைப் பார்த்துக் கத்தினேன்.

"மழை வருது! ஆட்டத்தை நடத்துங்கோ! பிரதம விருந்தினர் எவ்வளவு நேரம் இருக்கிறது?"

பிரதம விருந்தினர் என்ற சொல் எங்கள் நாட்டில் எந்த அம்பயரையும் அசைத்துவிடும். ஆட்டத்தைத் தொடரும்படி கைகாட்டினார். எதிரணியின் பந்து வீச்சாளர், தன்னுடைய தலைவரே மைதானத்தைக் குறுக்கறுத்து வருவதைக் கவனிக்காமல், பந்தைப் போட்டுவிட்டார்.

தலைவர் மூச்சிரைக்க மேசைக்கு வந்து கேட்டார். எங்கள் ஸ்கோரர் எல்லாவற்றையும் சொன்னார். வந்தது மாற்று ஆள், அம்பயருக்கு அறிவிக்கப்படவில்லை, ஆள் வெளியே போக வேண்டும், ஆனால் பந்து போட்டாகிவிட்டதால் இரண்டு ஓட்டமும் நிற்கும். சிவப்பு மையில் குறித்து வைத்திருந்ததையும் காட்டினார்.

"நான் பத்து எட்டு முன்னால் வந்திருந்தால்?"

"சொல்லியிருப்பேன்."

"பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தாய்?"

"ஆமாம்."

அந்த மனிதர் அடிக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. அவர்களுடைய கடைசி முறையில் ஓர் ஓட்டமும் வரவில்லை; நாங்கள் கிண்ணத்தோடு பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். அவர் முன் ஆசனத்தில் குடையை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி உட்கார்ந்திருந்தார்.

தோற்ற அலுவலகம் முறைப்பாடு எழுதியது. ஸ்கோரர் எங்கள் ஆள், தெரிந்தும் மறைத்தார் என்று. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. மூவரும் விதிப்புத்தகத்தை வாசித்ததில்லை என்பதால் பாரபட்சமற்றவர்களாகக் கருதப்பட்டார்கள். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நான் இரண்டு வசனம் எழுதினேன். மாற்று வீரர் பற்றி ஸ்கோரருக்கு அறிவிக்கப்பட்டது. அதை அவர் நடுவருக்குத் தெரிவிக்கத் தவறினார்.

இரண்டும் பொய். கீழே மூன்றாவதாக ஒன்றும் சேர்த்தேன்: இது குறித்து அவரிடம் தனியாக வாக்குமூலம் பெற வேண்டிய அவசியம் இல்லை.

குழுவுக்கு அந்த மூன்றாவது வசனம் மிகவும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேறு. கிண்ணம் எங்களுக்கே என்றும், ஸ்கோரருக்கு எச்சரிக்கை என்றும் முடிவானது. எச்சரிக்கைக் கடிதம் அவருடைய தனிப்பட்ட கோப்பில் இடப்பட வேண்டும். கோப்புகளில் கடிதம் இடுபவர் அவர்தான். இரண்டு துளை போட்டு, பக்க இலக்கம் எழுதி, தன்னுடைய கோப்பில் தானே இட்டுக்கொண்டார். துளைகள் ஒரு நூல் கூட விலகவில்லை.

அப்போதுதான் பிரதம லிகிதர் பதவி வெற்றிடமானது. சேவை மூப்பில் முதலாவது அவர். அடுத்தது சுரேஷ். பணிப்பாளர் என்னை அழைத்து, எச்சரிக்கை உள்ள ஆளை எப்படிச் சிபாரிசு செய்வது என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். நான் ஓய்வு வயதில் நின்றேன். என்னுடைய சேவை நீடிப்புக் கடிதம் அவருடைய புதிய கதிரைக்கு முன்னால், மேசையில், கையெழுத்துக்காகக் கிடந்தது. அவர் பேசி முடிக்கும்வரை அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலைத் தயாரித்தேன். அதில் முதலாவது பெயர் சுரேஷ். அவருடைய பெயர் எங்கும் இல்லை.

அந்தப் பட்டியலைப் பதினான்கு நாள் அறிவித்தல் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். விடுபட்டவர் யாராவது இருந்தால் அதற்குள் மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீடு செய்தால் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கேட்பார்கள். கேட்டால் சொல்லுவார். திகணை மைதானத்தில் நடந்ததும் நான் எழுதிய இரண்டு வசனமும் வெளியே வரும்.

பட்டியலை என் லாச்சியில் வைத்துப் பூட்டினேன். பதினான்காவது நாள் பெரஹரா ஊர்வல வாரத்தில் வந்தது. பெரஹரா நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு வீதிகளை மூடிவிடுவார்கள் என்பதால், வத்தேகமைப் பக்கம் போகிறவர்களைப் பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அவர் குடையை எடுத்துக்கொண்டு, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு மணிக்கு மேல் பியோனிடம் பட்டியலைக் கொடுத்தேன். வெற்றிக் கிண்ணத்தோடு நாங்கள் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் அவன் அதை ஒட்டினான்.

தோட்டத்திலிருந்து வந்த மனிதர், இவர் எங்கே போய் யாரிடம் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். இதையும் அங்கேதான் படித்தேனா என்று தெரியவில்லை.

அடுத்த வேலைநாள் காலையில் அவர் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நிற்பதை என் அறையிலிருந்து பார்த்தேன். பட்டியலைப் படித்தார். கீழே முடிவுத் திகதியைப் படித்தார். பிறகு என் மேசைக்கு வந்தார். அத்தனை வருடத்தில் அவர் கேட்டு நான் பதில் சொன்னதாக நினைவே இல்லை. எப்போதும் நான் கேட்பேன், அவர் சொல்லுவார்.

"சார், அந்தப் பட்டியல எப்ப ஒட்டினீங்க?"

"ஏன் ஐசே, பதினாலு நாளைக்கு முதலே ஒட்டியாச்சே" என்றேன்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். "சரிங்க சார்" என்றார். பதிவறைக்குப் போனார். பத்து நிமிடத்தில் நான் கேட்டிருந்த ஒரு பழைய கோப்பு தூசி தட்டி என் மேசைக்கு வந்தது.

எனக்கு இரண்டு வருட நீடிப்புக் கிடைத்தது. சுரேஷ் நல்ல பிரதம லிகிதராக இருந்தார். அவர் மோசமானவராக இருந்திருந்தால் நான் பழியைப் பங்கிட்டிருப்பேன். அந்த வசதியும் இல்லை.

என்னுடைய பிரியாவிடை விழாவில் பணிப்பாளர் உற்சாகமாகி, அவரைப் பார்த்து, "நீங்கள்தான் சேரோடு நீண்டகாலம் வேலை செய்தவர். இவர் எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அது கேள்வி. அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"பிரியாணி ஆறுது!" என்று நான் சத்தம் போட்டேன். "முதல்ல சாப்பிடுவம், பேச்செல்லாம் பிறகு!"

பிரியாணி என்றால் பிரதம விருந்தினரை விடப் பெரிய சொல். மண்டபம் முழுவதும் எழுந்துவிட்டது. அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்.

போன மாதம் பன்வில போனேன். வத்தேகமையில் பஸ் மாறும்போது, இந்தப் பிரயாணத்தை அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை செய்தார் என்று கணக்குப் பார்த்து, பிறகு நிறுத்திக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், லிகிதராகவே. தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் சிறிய வீடு. தலை முழுக்க வெள்ளை. வீட்டிலும் சட்டைப் பையில் இரண்டு பேனா.

அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். "இவரு ஆபீஸ்லயும் இப்பிடித்தானுங்களா சார்?" என்று சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கேட்டாரு, தம்பி ஒங்களுக்குக் கொற ஏதும் இருக்கானு. எல்லாரும் ஒண்ணுமில்லம்பாங்க. இவரு எட்டு சொன்னாரு. எடது காது கொஞ்சம் மந்தம்ங்கிறதுல தொடங்கி. அப்பா பயந்துட்டாரு. நான்தான், அதான் எட்டும் தெரிஞ்சிருச்சே, இவரையே கட்டிக்கிறேன்னேன்."

"ஒம்பதாவது?" என்றேன்.

"அது கல்யாணத்துக்கு அப்புறம் வந்திச்சிங்க. மாமா கேக்கிறப்ப இருக்கல" என்றார் அவர்.

மனைவி உள்ளே போனதும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அந்தப் பட்டியலை நான் பதினாலு நாளும் ஒட்டேல்லை. கடைசி நாள், நீங்கள் போன பிறகுதான் ஒட்டினனான்."

"கேக்கிறீங்களா சார், இல்ல..."

"சொல்லுறன்."

அவர் எழுந்து உள்ளே போய்ப் பழைய குறிப்புப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து வந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். நீல மையில்: 'பட்டியல் பி.ப. 2.10க்கு ஒட்டப்பட்டது. பியோனிடம் கேட்டேன்.' அதன் கீழே சிவப்பில்: 'சாரிடம் கேட்டேன். பதினான்கு நாள் என்றார்.' அதற்குக் கீழே இரண்டு வரி வெற்றிடம்.

"தெரியுமோ உங்களுக்கு?" என்றேன். "தெரிஞ்சும் ஏன் மேன்முறையீடு செய்யேல்லை?"

"திகதி முடிஞ்சிருச்சுங்களே சார். பிந்தித்தான் ஒட்டினோம்னு நிர்வாகம் ஒத்துக்கிட்டா நாள் தள்ளிக் குடுப்பாங்க. அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்து கேட்டேன்." தேநீர்க் கோப்பையை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார். "நம்மளே சொல்லிட்டா பிழையே இல்லன்னு கண்டீன்ல சொன்னேனே சார்."

அந்த நீல வரியை மறுபடி வாசித்தேன். பிறகு, படித்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் செய்வதைச் செய்தேன். ஒரு கடதாசியைப் பற்றிப் பேசினேன்.

"நான் இப்ப சத்தியக் கடதாசி முடிச்சுத் தரட்டோ? நடந்ததை எல்லாம் எழுதி, கையெழுத்து வைச்சு? இப்பவும் ஏதாவது செய்யலாமோ?"

"அடுத்த பந்து போட்டாச்சுங்களே சார்" என்றார். கோபம் இல்லை. கண்டீனில் கிளாஸ் வைத்துச் சொன்ன அதே குரல். "பிழையா வந்து அடிச்சவரு அடிச்சது சரியாகிடும். அவருக்கு அடுத்த ஆளுதான் வரணும். அடுத்த ஆளும் வந்து போயிட்டாரு."

"விடுபட்ட ஆளுக்கு?"

"மொற திரும்பி வரும்போதுதான்." கொஞ்சம் யோசித்தார். "ரிட்டயர் ஆனவனுக்கு அது எங்கங்க வரப் போகுது."

புத்தகத்தை எடுத்து, சிவப்புப் பேனாவால் அந்த வெற்றிடத்தில் எழுதினார். 'கடைசி நாள்தான் என்று சார் வந்து சொன்னார்.' திகதி போட்டார். ஒரு வரி நிரம்பியது. இன்னொரு வரி மிச்சம் இருந்தது. பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திகணையில் என்னைப் பார்த்த அதே பார்வை.

அப்போதுதான் இவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்க, பேரு வேணாம் என்றார். பேனாவை இன்னும் மூடவில்லை.

"வேற எதாச்சும் கேக்கணுங்களா சார்?"

கேட்பதற்கு ஒன்று இருந்தது. அதற்காகத்தான் இந்த வயதில் இரண்டு பஸ் மாறி வந்தேன். என்னை மன்னித்துவிட்டீர்களா என்பது நான்கு சொல் கூட இல்லை. வேறு யாரிடமாவது கேட்டால் "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்பார்கள். நானும் தேநீரைக் குடித்துவிட்டு இலேசாகத் திரும்பி வரலாம். ஆனால் இவரிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லுவார்.

வீதிப் பக்கம் காதைச் சாய்த்தேன்.

"பஸ் வருது போல" என்றேன்.

"கேக்கிறீங்களா சார், இல்ல சும்மா சொல்றீங்களா?"

"சும்மா சொன்னனான்."

"சரிங்க" என்று அவர் பேனாவை மூடினார். மழை ஒன்றும் இல்லை. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு வீதி வரைக்கும் வந்தார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அது அவருக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.